வாசல்படியிலிருந்து ஒரு வேம்பு

சோளகம் அடிக்கிற மாதத்தில் மரம் படமெடுக்கப் போகிறவனுக்கு விசர் என்று வாணர் பாலத்திலேயே சொல்லிவிட்டார் அண்ணை. சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை ஓட்டியவரும் அவர்தான். யாழ்ப்பாணத்தில் கலியாணவீடு, சாமத்தியவீடு எடுப்பது அவருக்குச் சோறு போடும் தொழில். ஆடியில் கலியாணம் இல்லை. அதனால் புங்குடுதீவு, அதனால் மரங்கள்.

குறிகட்டுவான் வீதியை விட்டிறங்கி ஒரு பனங்கூடலில் நின்றோம். நான் பனையடிக்குப் போய்க் கமராவை அண்ணாந்து பிடித்தேன். "தம்பி, உப்பிடி எடுத்தால் அடி பருத்துத் தலை சிறுத்து விளக்குமாறு மாதிரி விழும். பின்னுக்கு வாங்கோ." வெகுதூரம் பின்னால் போனார். 200 மில்லிமீற்றர் லென்ஸ், மட்டமாக வைத்த முக்காலி. இப்போது பனை நிமிர்ந்து நின்றது. லென்ஸை நிமிடத்துக்கொரு தரம் துடைத்தார். கடற்காற்றின் உப்பு அப்படிப் படிகிறது.

1/500 நொடியில் ஒவ்வோர் ஈர்க்கும் தெரிந்தது. அரை நொடியில் வட்டு புகைபோலக் கலைந்தது. அவருக்குப் பிந்தியது பிடித்தது, எனக்கில்லை. காவோலையின் சலசலப்புக் கூர்மையான சத்தம். அதைப் புகையாக்குவானேன்?

தென்கொரியாவின் லீ மியோங் ஹோ மரத்துக்குப் பின்னால் பெரிய வெள்ளைத் திரை கட்டிப் படமெடுப்பவர். கைபேசியில் காட்டினேன். "நாங்கள் பொம்பிளை மாப்பிள்ளைக்குக் கட்டுறதுதானே!" என்று சிரித்தார். மலையில்லாத தீவில் திரைக்கு வானமே போதும். மின்கம்பிதான் கரைச்சல்.

ஒரு பனையில் மார்பளவு உயரத்தில் துளை இருந்தது. வேம்போ புளியோ என்றால் புதுப்பட்டை வளர்ந்து காயத்தை மூடப் பார்க்கும். பனைக்கு அப்படி வளரும் படை இல்லை, பட்டது பட்டபடியே. குருத்தும் ஒன்றுதான், வட்டுப் போனால் மரம் போச்சு. 1991இல் போரில் தீவே இடம்பெயர்ந்தது. நின்ற மரங்களில் இவையும் சில. துளைக்குள் நிழல் விழும்வரை, வெயில் சரியும்வரை, அண்ணை காத்திருந்தார். என்னத்தால் வந்த துளை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாக ஓடர் வேலை. கனடாவில் இருக்கிற ஓர் அம்மாவுக்குத் தன் வளவுக் கிணத்தடி வேம்பு வேண்டும். கூரையில்லாத வீடு, சுவருக்குள் ஆலங்கன்று, படலை இருந்த இடத்தில் கிளுவை. வேம்பு மட்டும் கொழுத்து நின்றது. பின்பக்கமாகச் சுற்றி, வானம் முழுக்கக் கிளை விரிய, அருமையான ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"மரம் அதுதான் தம்பி. ஆனால் இது எங்கட வேம்பு மாதிரி இல்லை. வாசல்படியில இருந்து எடுங்கோ. அதிலதான் அம்மா எனக்குத் தலை இழுக்கிறவ."

வாசல்படியிலிருந்து பார்த்தால் பாதி மரத்தைக் கிணற்றுக்கட்டு மறைக்கிறது. குறுக்கே மின்கம்பி. அண்ணை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பிறகு படியிலிருந்த சருகைக் காலால் தள்ளிவிட்டு முக்காலியை வைத்தார்.

"அப்ப அவவுக்கு எத்தினை வயசாம்?"

ஏழெட்டு இருக்கும் என்றேன். முக்காலியின் மூன்று கால்களையும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, கமராவை இன்னும் பதித்தார்.