நம் மாலை வகுப்புக்கு எந்த ஆம்ப்ளிஃபயர்?

 

மாலை வகுப்புக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்யப்போகிறேன் என்று போன மாதம் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. "எதுக்கு டீச்சர் சிரமம், நல்ல புளூடூத் ஸ்பீக்கரா வாங்கி அனுப்பிடறேன்" என்று துபாயிலிருந்து ஒருவர். "அத்தை, இந்த வயசுல சால்டரிங் எல்லாம் வேணுமா?" என்று என் அண்ணன் மகன். சவுண்ட் சர்வீஸ் நடத்தும் மாணவன் ஒருவன், "4440 போர்டு ஒண்ணு சும்மா கிடக்கு டீச்சர், நாளைக்கே மாட்டித் தர்றேன்" என்றான். சிலர் கேட்காமலே பணமும் அனுப்பிவிட்டீர்கள். அதனால் என்ன முடிவெடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று கணக்குச் சொல்வது என் கடமை. கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தேவை. வீட்டு முன்கூடத்தில் 14 பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணுக்குப் பார்வை மிகக் குறைவு. கரும்பலகை தெரியாது, புத்தகத்தைக் கண்ணோடு ஒட்டி வைத்தாலும் இரண்டு வரிக்கு மேல் தாங்காது. அவளுக்காகத்தான் பாடங்களைச் செல்போனில் வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தேன். இப்போது எல்லாருமே சேர்ந்து கேட்கிறார்கள். கூடத்துக்கு மேலே தகரக் கூரை. மழை பிடித்தால் போன் சத்தம் முதல் வரிசைக்கே எட்டாது. மழை பிடித்தால் கரண்ட்டும் போய்விடும்.

அந்தப் பெண் எழுத்துப் பிழையில்லாத தமிழைக் காதால்தான் கற்றுக்கொள்கிறாள். வலி, வளி, வழி மூன்றும் அவளுக்கு வேறு வேறாகக் கேட்டாக வேண்டும். ஸ்பீக்கர் இரைந்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். ஆகவே என் நிபந்தனைகள் நான்கு. 12 வோல்ட் பேட்டரியில் ஓட வேண்டும். பேச்சு சுத்தமாகக் கேட்க வேண்டும். பிள்ளைகள் தொட்டாலும் ஆபத்து இருக்கக் கூடாது. நான் இல்லாத காலத்திலும் யாராவது திறந்து பழுது பார்க்க முடிய வேண்டும். ஒட்டி மூடிய புளூடூத் ஸ்பீக்கர் கடைசி நிபந்தனையிலேயே கழிந்துவிட்டது. உள்ளே பேட்டரி போனால் முழுப் பெட்டியும் குப்பைக்குத்தான்.

இப்போது கிளாஸ் டி என்றால் என்ன என்று பார்ப்போம். உங்கள் வீட்டில் முன்பு ஒரு பெரிய பெட்டி ஃபேன் ரெகுலேட்டர் இருந்திருக்கும். ஃபேனைக் குறைத்து வைத்தால் அந்தப் பெட்டி சுடும். ஃபேனுக்குக் குறைத்த மின்சாரத்தில் ஒரு பகுதியை அது வெப்பமாகத் தின்றுவிடும். பின்னால் வந்த சின்ன எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அப்படிச் சுடுவதில்லை. அது மின்சாரத்தை வழிமறித்து நிற்காமல், வேகமாக விட்டுவிட்டுத் தருகிறது. பழைய வகை ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய் மாதிரி நிற்கும், அதனால் சுடும். கிளாஸ் டி வகையில் டிரான்சிஸ்டர் முழுவதும் திறக்கும் அல்லது முழுவதும் மூடும். நொடிக்குச் சில லட்சம் முறை இப்படி நடக்கும். குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி, திறந்திருக்கும் நேரம் கூடும், குறையும். கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் அந்த வேகத் துடிப்புகளை வடிகட்டிவிட்டுக் குரலை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்பும்.

டி என்றதும் டிஜிட்டல் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. ஏ, பி, சி என்று வகை பிரித்தார்கள், அடுத்து வந்தது டி. இங்கிலாந்தில் சின்க்ளேர் நிறுவனம் 1964-லேயே எக்ஸ்-10 என்ற பெயரில் நாமே சேர்த்துக்கொள்ளும் பெட்டியாக விற்றது. அன்றைய டிரான்சிஸ்டர்களுக்கு அந்த வேகம் போதவில்லை. அது எடுபடவில்லை. வேகமான மாஸ்ஃபெட்டுகள் வந்த பிறகுதான் இந்த யோசனைக்கு வாழ்வு வந்தது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன.

ஒன்று, 4440. இது கார் ஸ்டீரியோவுக்காக வந்த நல்ல ஐ.சி. கிளாஸ் டி அல்ல. நம்மூர் ஆட்டோ, டீக்கடை எல்லாம் இதில்தான் பாடின. 12 வோல்ட்டில் அழகாக வேலை செய்யும். ஆனால் சத்தமே இல்லாமல் சும்மா இருக்கும்போதும் பேட்டரியைக் குடிக்கும். அதன் ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்.

இரண்டு, ஐ.ஆர்.எஸ். 2092 என்ற ஐ.சி.யும் தனி மாஸ்ஃபெட்டுகளும் வைத்துச் செய்வது. ஒலிப் பிரியர்கள் விரும்புவது இது. அதற்குக் கூட்டல் 35, கழித்தல் 35 வோல்ட் என்கிற மாதிரி இரட்டை சப்ளை வேண்டும். அதற்காக டிரான்ஸ்ஃபார்மர், 230 வோல்ட் மெயின்ஸ் என்று போக வேண்டும். பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் அது வேண்டாம்.

மூன்று, பி.ஏ.எம். 8403. நகம் அளவு போர்டு, விலை மிகக் குறைவு. ஆனால் 5 வோல்ட்டுக்கானது. 5.5-ஐத் தாண்டக் கூடாது. 12 வோல்ட் பேட்டரியை நேரடியாகக் கொடுத்தால் அந்த நிமிடமே போய்விடும். சத்தமும் மழைக்குப் போதாது. ஒரு பக்கத்துக்கு 3 வாட் என்பார்கள். அந்த எல்லைக்குத் தள்ளினால் ழகரம் நொறுங்கிவிடும்.

நான்கு, டி.பி.ஏ. 3118. 4.5 முதல் 26 வோல்ட் வரை எதையும் ஏற்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட்டைத் தாண்டினாலும் கவலையில்லை. ஸ்பீக்கர் வயர் ஒன்றோடொன்று பட்டுவிட்டால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்பும் உள்ளே இருக்கிறது.

ஐந்து, அதன் அண்ணன் டி.பி.ஏ. 3116. இதைத்தான் விளம்பரங்களில் "50+50 வாட்" என்று போடுகிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு போதும், பொய்யைப் பிடித்துவிடலாம். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்து, அதில் பாதி எடுங்கள். 12 பெருக்கல் 12, 144. அதை 8 ஓமால் வகுத்தால் 18. அதில் பாதி 9 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் என்றாலும் 18 வாட்தான். அந்த ஐ.சி.யைச் செய்யும் நிறுவனமே 21 வோல்ட் கொடுத்து, 4 ஓம் மாட்டினால்தான் 50 வாட் என்கிறது. நம்மிடம் இருப்பது 12 வோல்ட். ஆகவே 3116-க்குக் கூடுதலாகக் காசு கொடுத்து நமக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு கூடத்துக்கு 9 வாட் தாராளம். சாதாரணமாகப் பாடம் கேட்க 1 வாட் கூட ஆகாது.

நான்காவதுதான் என் முடிவு. அதிலும் ஒன்றைக் கவனித்து வாங்கினேன். சில போர்டுகளில் வடிகட்டும் காயில்களைச் சிக்கனமாக விட்டுவிடுகிறார்கள். ஸ்பீக்கர் பக்கத்திலேயே இருந்தால் பரவாயில்லை, நமக்கு வயர் பின்சுவர் வரை போகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கு நான்கு காயில் வேண்டும். சதுரமாக, மேலே 100 என்று அச்சிட்டிருக்கும். 100 என்றால் 10 மைக்ரோஹென்றி. நான்கும் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள்.

"போர்டை வாங்கிவிட்டு நாமே செய்தது என்பதா?" என்று கேட்பீர்கள். அந்த ஐ.சி.க்கு 32 கால்கள், இடைவெளி 0.65 மில்லிமீட்டர். அதைச் சால்டர் செய்ய என் கண்ணும் விடாது, பிள்ளைகள் கையும் விடாது. ஆனால் உள்ளே நடப்பது புரியாமல் மாட்டவும் எனக்கு மனமில்லை. அதனால் முதலில் பிரெட்போர்டில் ஒரு 555 ஐ.சி. வைத்துச் சின்ன கிளாஸ் டி மாதிரி ஒன்று செய்தோம். ஐந்தாம் காலில் போன் சத்தத்தைக் கொடுத்தால், மூன்றாம் காலில் வரும் துடிப்பின் அகலம் குரலுக்கேற்ப மாறும். துடிப்பின் வேகமும் கொஞ்சம் சேர்ந்து மாறும், ஆனாலும் பாடத்துக்கு அது போதும். ஒரு மின்தடையைத் தொடராகப் போட்டுச் சின்ன ஸ்பீக்கரை இணைத்தோம்.

வேண்டுமென்றே மெதுவாகத் துடிக்கவிட்டேன். குரலோடு சேர்ந்து கீச்சென்று விசில் கேட்டது. கெப்பாசிட்டரைச் சிறிது சிறிதாக மாற்றி வேகத்தைக் கூட்டக் கூட்ட விசில் மேலே போனது. ஒரு கட்டத்தில், "பார்த்தீர்களா, விசில் போய்விட்டது, குரல் மட்டும் நிற்கிறது" என்றேன். அந்தப் பெண் மட்டும் தலையாட்டினாள். "இல்ல டீச்சர், இன்னும் கேக்குது." வயதானால் உச்ச ஒலிகள் காதுக்கு எட்டாது என்று பாடத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அதற்கு நானே உதாரணம். இன்னும் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றிய பிறகுதான் அவள் "இப்ப இல்ல" என்றாள். அன்றிலிருந்து எங்கள் ஒலிச் சோதனை அதிகாரி அவள்தான்.

கடைசிச் சோதனையும் அவளிடம்தான். தலை, தளை, தழை என்று கலைத்துப் பதிவு செய்த 30 சொற்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துக் கேட்கச் செய்தேன். இரவல் வாங்கிய ஒரு புளூடூத் ஸ்பீக்கரில் 21 சொல்லை அடையாளம் கண்டாள். 4440-இல் 28. 3118-இல் 28. ஆக, சுத்தத்தில் என் மாணவனின் பழைய போர்டு எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. அதைச் சொல்லத்தான் வேண்டும். தீர்ப்பைச் சொன்னது மல்டிமீட்டர். பாடம் கேட்கும் அளவில் 4440 எடுத்தது சுமார் 0.28 ஆம்பியர், 3118 எடுத்தது 0.1 ஆம்பியர். யு.பி.எஸ்.சில் இருக்கும் அதே 7 ஆம்பியர்-மணி பேட்டரிதான் நம்மிடம். அதன் ஆயுளுக்காகப் பாதிதான் பயன்படுத்துவேன். அப்படிப் பார்த்தால் 4440-க்கு 12 மணி நேரம், 3118-க்கு 35 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரப் பாடம் என்றால் ஆறு நாளுக்கும் பதினேழு நாளுக்கும் உள்ள வித்தியாசம். மழைக்காலத்தில் அதுதான் முக்கியம்.

செய்ய நினைப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் வயர் எரியும். அடுத்தது, இந்தப் போர்டில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் சிக்னல் வரும். பழைய வீடுகளில் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நெகட்டிவ் வயர் இழுத்திருப்பார்கள். அதில் மாட்டாதீர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு வயர். மூன்றாவது, மீடியம் வேவ் ரேடியோவைப் பக்கத்தில் வைக்காதீர்கள். இதன் துடிப்பு அந்த அலைவரிசையில் புகுந்து இரையும்.

மரப்பெட்டி, வால்யூம், சுவிட்ச், ஃபியூஸ், வயர் எல்லாம் பிள்ளைகள் செய்ததுதான். பெட்டியின் மூடியில் திருகுதான் போட்டிருக்கிறோம், பசை இல்லை. உள்பக்கம் எந்த வயர் எங்கே போகிறது என்று படம் வரைந்து ஒட்டியிருக்கிறார்கள். போர்டு போனால் கழற்றிவிட்டு இன்னொன்று மாட்ட ஒரு ஸ்குரூடிரைவரும் பத்து நிமிடமும் போதும். 555 செட்டை அப்படியே வைத்திருக்கிறோம். அடுத்த வருடம் வருகிற பிள்ளைகள் அதிலிருந்துதான் தொடங்குவார்கள்.

எல்லாமாகச் சேர்த்தும் நீங்கள் அனுப்பியதில் பெரும் பகுதி மிச்சம். அதில் இன்னொரு பேட்டரியும் ஒரு நல்ல மைக்கும் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். பரணில் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி சும்மா கிடந்தால் அனுப்பி வையுங்கள். ஊருக்கு வருபவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வந்தால், ஒரு பாடம் வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போங்கள். ழகரம் சரியாக வர வேண்டும். சோதிக்க ஆள் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்