நான் பொறுத்துப் போகவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். நிதானமாகப் படியுங்கள், கடைசியில் தேர்வு எதுவும் கிடையாது.

போன மாதம் நம் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பின்வரிசையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் வீட்டிலிருந்து குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி. (யார் என்று யாரும் யோசிக்க வேண்டாம். அது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.) "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்ல. நம்ம டீச்சரக்காவைப் பாரு. அவ படாத பாடா? வாயைத் திறந்தாளா? பொறுத்துப் போகலையா?"

டீச்சரக்கா முன்வரிசையில் கையில் அப்பளத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது பேசியவருக்குத் தெரியாது.

நான் பொறுத்துப் போகவில்லை. 1993 மே மாதம் ஒரு புதன்கிழமை காலையில் இரண்டு பிள்ளைகளையும் ஒரு ஒயர் கூடையையும் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டுக் கிளம்பினேன். திரும்பிப் போகவே இல்லை. "அவளுக்குத் தெற்கே மாறுதல் ஆயிடுச்சு, அவருக்கு வேலை இங்கே, அதனால தனித்தனியா இருக்காங்க" என்பது குடும்பம் தன் மானத்துக்காகக் கட்டிக்கொண்ட கதை. பிள்ளைகள் படித்து ஆளாகும்வரை அந்தக் கதை எங்களுக்கும் ஒரு குடை மாதிரி இருந்தது. இப்போது அதே கதையைக் காட்டி இன்னொரு பெண்ணைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறார்கள் என்றால், குடையை மடக்கிவிட வேண்டியதுதான். என் மகளும் மகனும் இதைப் படித்துவிட்டார்கள். மகள் இரண்டு இடத்தில் திருத்தினாள். மகன் "போடுங்கம்மா" என்றான்.

அவர் 2012-ல் காலமாகிவிட்டார். இறந்தவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நடந்ததில் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

1981-ல் கல்யாணம். நான் அப்போதே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், கும்பகோணம் பக்கம். அந்த நாளில் சம்பளம் வங்கியில் விழாது. பதிவேட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டுப் பணமாக வாங்க வேண்டும். ஒவ்வொரு சம்பள நாளும் அவர் ஸ்கூட்டரில் பள்ளி வாசலுக்கு வந்துவிடுவார். கவரை அங்கேயே வாங்கி, அங்கேயே எண்ணுவார். பார்க்கிறவர்கள், "சாருக்கு எவ்வளவு அக்கறை, வந்து கூட்டிட்டுப் போறார்" என்பார்கள். மறுநாள் காலையில் பஸ்ஸுக்கான சில்லறை மேசை மேல் இருக்கும். சரியாகப் போகவர மட்டும்.

அடியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். அப்போது எட்டாம் வகுப்பு பி பிரிவில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு வாரம் முழுக்க நான் சாக்பீஸையே தொடாமல், உங்களை ஒவ்வொருவராக போர்டுக்குக் கூப்பிட்டுக் கணக்குப் போடச் சொன்னேன். மாணவர்களையே பங்கெடுக்க வைக்கும் நல்ல முறை என்று தலைமையாசிரியர் மீட்டிங்கில் பாராட்டினார். எனக்கு வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

இரண்டு முறை அப்பா வீட்டுக்கு வந்தேன். இரண்டு முறையும் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள், காப்பி குடித்தார்கள், என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்கள். இரண்டாவது முறை அவர் எல்லோர் காலிலும் விழுந்தார். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. மீதிப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்களோடு சண்டைக்கு எழுதவில்லை. ஆனால் கொண்டுபோய் விட்ட அன்று இரவு என்ன நடந்தது என்று உங்களில் ஒருவர்கூட இன்றுவரை கேட்டதில்லை.

"எப்படித் துணிச்சல் வந்தது டீச்சர்?" என்று விவரம் தெரிந்த ஓரிருவர் கேட்டிருக்கிறார்கள். சினிமாவில் வருகிற மாதிரி, ஒரு நாள் அடி தாங்காமல் நிமிர்ந்து நின்று, தாலியைக் கழற்றி வீசி, அப்படியெல்லாம் எதுவும் இல்லை. எனக்குத் துணிச்சல் என்பது இரண்டு வருடம் போட்ட கணக்கு.

முதலில் பணம். பி.எஃப். பிடித்தத்தை நாமே எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். 1991-ல் அதைச் செய்தேன். கையில் வருவது குறைந்ததும் கேள்வி வந்தது. "பிடித்தம் கூட்டியிருக்காங்க" என்றேன். யார் கூட்டியது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அலுவலகத்தில் இருந்த கிளார்க் என் முகத்தை ஒரு முறை பார்த்தார், பிறகு தாளை வாங்கிக்கொண்டார். கடைசியில் அதிலிருந்துதான் முன்பணம் எடுத்தேன். அந்தப் பணம் சம்பள நாளில் வராது, வாசலில் ஸ்கூட்டர் நிற்காது.

அடுத்து வேலை. ராஜினாமா செய்துவிட்டு ஓடினால் பிள்ளைகளுக்குச் சோறு ஏது? மனமொத்த மாறுதல் என்று ஒன்று உண்டு, ஆசிரியர்களுக்குத் தெரியும். கும்பகோணம் பக்கம் வரத் துடித்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு ஆசிரியர் கோவில்பட்டி பக்கம் இருந்தார். கடிதப் போக்குவரத்து முழுக்க எங்கள் ஆங்கில டீச்சர் வீட்டு முகவரியில். அவர் என்னிடம் ஒரு விவரமும் கேட்டதில்லை. கடிதம் வந்தால் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்து நீட்டுவார்.

மூன்றாவது, டி.சி. மகளை நடு வகுப்பில் நிறுத்தி டி.சி. கேட்டால், "ஏன், எங்கே, அப்பாவை வரச் சொல்லுங்க" என்பார்கள். ஐந்தாம் வகுப்பு முடிந்தால் அந்தத் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் டி.சி. கொடுத்துவிடுவார்கள். ஆகவே அவள் ஐந்தாவது முடிக்கும்வரை காத்திருந்தேன். சின்னவன் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர வேண்டும். என் புறப்பாட்டுத் தேதியை முடிவு செய்தது அடி அல்ல, முழு ஆண்டுத் தேர்வு அட்டவணை.

அந்த இரண்டு வருடமும், எவ்வளவு கோபம் வந்தாலும், "நான் போயிடுவேன்" என்ற வார்த்தையை மட்டும் வாயிலிருந்து விடவில்லை. இதைப் பெண் பிள்ளைகள் கவனமாகப் படியுங்கள். விட்டுப் போகப் போகிறாள் என்று தெரியும் நாளும், போன பிறகு வரும் நாட்களும்தான் மிக ஆபத்தானவை. சொல்லிவிட்டுக் கிளம்புவது வீரம் இல்லை.

அவர் அலுவலக வேலையாக கேம்ப் போயிருந்த வாரத்தில் கிளம்பினோம். கூடையில் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பட்டச் சான்றிதழ்கள், மாறுதல் ஆணை, மகளின் டி.சி., இருவரின் பிறப்புச் சான்று, மேலே போர்த்த இரண்டு துண்டு. தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று பஸ் மாறி மாறி. திருச்சி தாண்டிய பிறகுதான் பிள்ளைகளிடம் சொன்னேன். மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே ராத்திரி தூங்கலாமாம்மா?" என்றாள். (இந்த இடம் அவள் திருத்தியது. நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன். "நான் கேட்டது இதுதான்" என்றாள்.)

கோவில்பட்டியில் வீடு கிடைக்கவில்லை. டீச்சர் என்றதும் சிரித்த முகம், சார் எப்போ வருவார் என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் மாறிவிடும். ஏழெட்டு வீடு பார்த்திருப்பேன். கடைசியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்வரும் ஒரு ஆச்சி, தன் வீட்டின் பின்கட்டைக் காட்டினார்.

"வீட்டுக்காரர் எங்க?"

"இருக்கார். வர மாட்டார் ஆச்சி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி. தண்ணி வாரத்துக்கு ஒருக்கத்தான் வரும், பாத்துப் புழங்கணும்" என்றார். அவ்வளவுதான் விசாரணை. பதினோரு வருடம் அந்த வீட்டில் இருந்தோம்.

மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போது, அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். அங்கிருந்த தலைமையாசிரியை விண்ணப்பத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, "பெற்றோர்னுதானே போட்டிருக்கு? இவங்க யாரு?" என்று கேட்டு, என்னிடம் பேனாவை நீட்டினார். ரேஷன் கார்டுதான் பெரிய தலைவலி. பழைய கார்டில் பெயர் நீக்கிய சான்று இல்லாமல் புதுக் கார்டு கிடையாது. பழைய கார்டோ அவரிடம். ஒரு வருடத்துக்கு மேல் மண்ணெண்ணெயும் சர்க்கரையும் வெளிவிலையில்தான்.

முதல் மாதச் சம்பளம் என் கையிலேயே இருந்தது. வாசலில் யாரும் இல்லை. கவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டாஃப் ரூமிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன்.

இன்னொன்று ஞாபகம் இருக்கிறது. ஒரு ராத்திரி சின்னவன் சோற்றுத் தட்டைக் கீழே போட்டுவிட்டான். எவர்சில்வர் தட்டு, ரசம் சாதம், தரையெல்லாம். தட்டு சுற்றிச் சுற்றி ஓயும்வரை நாங்கள் மூன்று பேரும் அசையவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அவன்தான் முதலில் சிரித்தான். ஸ்கூட்டர் ஸ்டாண்ட் போடும் சத்தத்துக்கு என் வயிறு பிசைவது நிற்க இன்னும் பல வருடம் ஆனது. அது வேறு கதை.

ஆகஸ்டில் அவர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளி வாசலில் சத்தம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. இரண்டு வாரம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் இருந்த ஐந்து பேர், யாரும் சொல்லாமலே, தினமும் மாலையில் "டீச்சர், அல்ஜீப்ராவில் ஒரு டவுட்" என்று நோட்டைப் பிரித்துக்கொண்டு என்னைச் சுற்றி நடந்து வருவீர்கள். உங்கள் ஐவருக்கும் அல்ஜீப்ராவில் எந்தச் சந்தேகமும் வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், மற்ற நாளில் நோட்டையே திறக்காதவர்கள். இத்தனை வருடமாக இதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதில்லை. இன்று சொல்கிறேன். நன்றி கண்ணுகளா.

விவாகரத்து வழக்கு ஐந்து வருடம் ஓடியது. 1999-ல் தீர்ப்பு. பிள்ளைகளுக்கு ஜீவனாம்சம் என்று எழுதியது நான்கு மாதம் வந்தது, பிறகு நின்றது. அதற்காக மறுபடியும் கோர்ட்டு ஏற எனக்கு லீவு இல்லை.

நான் கிளம்பியபோது கணவன் வீட்டுக் கொடுமைக்கு என்று குற்றச் சட்டத்தில் 1983-ல் சேர்த்த 498ஏ பிரிவு இருந்தது. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல்தான் சென்னையில் வந்தது. எங்கள் பக்கத்து ஸ்டேஷனில், "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். இன்று நிலைமை அது இல்லை. 2005-ல் இயற்றி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி மட்டுமல்ல, திட்டி அவமானப்படுத்துவதும், பாலியல் கொடுமையும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வதும்கூட அதன்படி வன்முறைதான். அந்தக் கடைசி வரியை முதல்முறை படித்தபோது பள்ளி வாசலும் ஸ்கூட்டரும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் மூலமாகவோ நேரடியாகவோ மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். வீடு யார் பெயரில் இருந்தாலும், அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு, கோர்ட்டு உத்தரவில்லாமல் வெளியே தள்ள முடியாது. நெருங்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கத்தான் செய்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் வழக்கு முடிவதற்குள்ளேயே இடைக்கால உத்தரவு கேட்கலாம். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண் என்றால் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 181 என்ற எண் இரவும் பகலும் எடுக்கும்.

டி.சி. விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், என் பழைய மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி, எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதைக் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. ஆண்டின் நடுவில் ஒரு அம்மா, கையில் ஒன்றுமில்லாமல், குழந்தையோடு உங்கள் ஆபீஸ் அறை வாசலில் வந்து நிற்பாள். "டி.சி. வாங்கிட்டு வாங்க" என்று அவளை எந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, விண்ணப்பத்தை எடுங்கள்.

உறவினர்களுக்கு ஒன்று. இனி எந்தப் பந்தியிலும் என்னை உதாரணம் காட்டினால் முழுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பின்னூட்டத்தில் யார் பெயரையும் எழுத வேண்டாம், ஊகிக்கவும் வேண்டாம். பேச வேண்டும் என்றால் இன்பாக்ஸில் எழுதலாம், போனும் செய்யலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் போனை சைலன்ட்டில் போட்டுவிடுவேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்போது போடுவதில்லை.