அந்தியூர்ச் சந்தையில் அப்பாவுடன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

முதலாண்டு வகுப்பின் முதல் நாள். ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், தந்தையின் தொழில் ஆகியவற்றைச் சொல்லும்படி பேராசிரியர் பணித்தார். என் முறை வந்தது. “அப்பா வியாபாரம் செய்கிறார் ஐயா” என்று சொல்லிச் சட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

அது பொய். பழனி அடிவாரத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டியவர் என் அப்பா. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது வண்டியையும், ‘வெள்ளையன்’ என்ற எங்கள் குதிரையையும் விற்றுவிட்டு மூட்டை தூக்கப் போனார். பள்ளியில் எனக்கு ‘ஜட்கா’ என்றே பட்டப்பெயர். அது கல்லூரி வரை என்னைத் துரத்தி வரக்கூடாது என்று எண்ணினேன்.

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் அப்பா, “அந்தியூர்ச் சந்தைக்குப் போயிட்டு வரலாமா கண்ணு?” என்றார். “குதிரை வாங்கவா?” என்று கேட்டேன். “சும்மா பாக்கத்தான்” என்றார். ஈரோட்டில் பேருந்து மாறி, பவானி வழியாக அந்தியூர் போய்ச் சேர்ந்தோம்.

குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி அங்கே மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுகின்றன. திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று ஊரார் பெருமையோடு சொல்கிறார்கள். எங்கு பார்த்தாலும் புழுதி, கொள்ளு வாசனை, கனைப்பொலி! இராசத்தானத்து மார்வாரி, குசராத்துக் காத்தியவாரி இனக் குதிரைகள் காது நுனிகள் ஒன்றையொன்று தொடுவதுபோல் உட்புறம் வளைந்து நின்றன. அவற்றில் அரபுக் குதிரையின் இரத்தமும் கலந்திருக்கிறது என்பார்கள்.

அரபுக் குதிரைகளுக்கென்றே பல நாடுகளில் கண்காட்சிகள் நடப்பதைப் படித்திருக்கிறேன். அவற்றில் போட்டிகள் இருவகை. குழிந்த முகம், அகன்ற நாசி, உயர்த்திய வால் என்று, கையில் பிடித்து நடத்தி வந்து அழகைப் பார்ப்பது ஒன்று. சேணமிட்டு ஏறி ஓட்டிக் காட்டுவது மற்றொன்று. நடை, துள்ளோட்டம், தாவோட்டம் என்று நடுவர் கேட்கக் கேட்கக் குதிரை மாறவேண்டும். சவாரிக்காரன் காலால் தரும் குறிப்பும் கடிவாளத்தின் அசைவும் பார்ப்பவர் கண்ணுக்கே படாமல் இருந்தால் அதுதான் திறமை.

நாங்கள் நின்ற இடத்தில் நடுவர் இல்லை. கூட்டத்தின் விசில்தான் மதிப்பெண். மேளம் முழங்க, ஒரு வெள்ளைக் குதிரைமேல் ஏறி இளைஞர் ஒருவர் வலம் வந்தார். முதலில் துள்ளோட்டம், பிறகு காலை மடக்கி மடக்கி ஆட்டம். குதிரை ஒவ்வொரு சுற்றிலும் தலையை அழகாக ஆட்டியது. “தாளத்துக்குத் தலையாட்டுது பாருங்கப்பா!” என்று நானும் கைதட்டினேன்.

அப்பா கைதட்டவில்லை. “அது தாளமில்ல கண்ணு, வலி. தாளத்துக்குன்னா ரெண்டு காலுக்கும் ஒரே மாதிரி ஆட்டணும். இது இடது முன்னங்காலை ஊனுறப்ப மட்டும் தலையைத் தூக்குது பாரு” என்றார்.

பார்த்தேன். உண்மைதான். குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. நீண்ட கழுத்தும் தலையும் நெம்புகோலின் முனைபோல முன்னே நீண்டிருக்கின்றன. நோகும் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கினால் பாரம் பின்னால் போகிறது; அந்தக் காலுக்குச் சற்றே ஆறுதல். நெம்புகோல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். என் கண்ணெதிரே ஆடிய நெம்புகோல் எனக்குத் தெரியவில்லை!

ஆட்டம் நின்றதும் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். “தம்பி, இதுக்கு மேல ஏறாதீங்க. இடது காலைப் பாருங்க” என்றார். அந்த இளைஞருக்குக் கோபம் வந்துவிட்டது. விலை பேச நான்கு பேர் சுற்றி நிற்கும் நேரம். “காலையிலதான் புது லாடம் அடிச்சிருக்கு. போய் உங்க சோலியைப் பாருங்க பெரியவரே!” என்று சீறினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. “வாங்கப்பா, போகலாம்” என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா நகரவில்லை. குதிரையின் தோளில் கைவைத்து, மெதுவாகத் தடவிக்கொண்டே கால்வரை இறங்கினார். குதிரை தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது. இரண்டு குளம்புகளையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். “இது மட்டும் சுடுது” என்றார். அருகிலிருந்த முதியவர் ஒருவரும் தொட்டுப் பார்த்துவிட்டு லாடம் அடிப்பவரைக் கூப்பிட்டார். குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் போன்றது. அதில் ஆணி இறங்கினால் வலிக்காது. சற்று உள்ளே தள்ளி உயிர்ச்சதையை நெருங்கினால் நரக வேதனை. மூன்றாவது ஆணியைப் பிடுங்கியபோது அதன் நுனி ஈரமாக இருந்தது.

இளைஞர் ஒன்றும் பேசவில்லை. அவிழ்த்த சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதியவர் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். அப்பா வாங்கவில்லை. குதிரையின் கழுத்தை இருமுறை தட்டிவிட்டு நடந்தார். வெள்ளையனை விற்ற அன்றும் அப்படித்தான் தட்டினார். அது எனக்கு நினைவிருக்கிறது.

திரும்பும்போது பேருந்தில் மார்க்கோ போலோ நினைவுக்கு வந்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர் அவர். கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை இங்கே வாங்கினார்கள், பேணத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மாண்டன என்று எழுதியிருக்கிறார். குதிரை வைத்தியம் அறிந்தவர்களை இந்நாட்டுக்கு வரவிடாமல் வணிகர்களே தடுத்தார்களாம்! குதிரைகள் இறந்தால்தானே மறுபடியும் விற்கலாம்? ஒரு பேரரசின் கருவூலம் விலை கொடுத்து வாங்க முடியாத கல்வி, அழுக்கு வேட்டியோடு என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

தாராபுரம் தாண்டியதும் அப்பா விழித்தார். முதல் நாள் வகுப்பில் நான் சொன்ன பொய்யை அவரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.

“வியாபாரம்னு சொன்னியா? என்ன வியாபாரம்னு யாரும் கேக்கலையா?”

கேட்கவில்லை. எனவேதான், நண்பர்களே, பேராசிரியப் பெருமக்களே, நீங்கள் கேட்காமலே இதை எழுதுகிறேன். என் தந்தை குதிரை வண்டிக்காரர்.