பெரியப்பாவும் லொள்ளு சபாவும்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நண்பர்கள் முந்திக்கொண்டார்கள். ஒருவன் விண்வெளியை எடுத்துக்கொண்டான். இன்னொருவன் வள்ளுவத்தை எடுத்துக்கொண்டான். எனக்கு மிஞ்சியது லொள்ளு. எப்போதோ நின்றுபோன ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மீது எனக்குள்ள பற்றை எழுதப் போகிறேன் என்றதும், "கல்லூரி மலரில் லொள்ளா?" என்று முகம் சுளித்தான் ஒரு நண்பன். நகை பிறக்கும் களங்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலைத்தான் முதலில் வைத்தார் என்று அவனுக்கு விடை சொன்னேன். தமிழ் வகுப்பில் உறங்காமல் இருந்ததன் பயனை அன்றுதான் கண்டேன்.

விஜய் தொலைக்காட்சியில் 2000-ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஓடி ஓய்ந்தது 'லொள்ளு சபா'. இராம்பாலா இயக்கினார். பின்னாளில் 2016-இல் 'தில்லுக்கு துட்டு' என்ற திரைப்படத்தை இயக்கியவரும் அவரே. ஊரெல்லாம் கொண்டாடிய ஒரு திரைப்படத்தை எடுத்துக்கொள்வார்கள். கதை அதேதான். காட்சிகளும் ஏறத்தாழ அதே வரிசைதான். ஆடம்பரம் மட்டும் காணாமற்போயிருக்கும். வெள்ளித்திரையில் கண்ணீர் வரவழைத்த இடத்தில் இங்கே வயிறு வலிக்கும். நடுநடுவே பாத்திரங்களே கதையைவிட்டு வெளியே வந்து, "இந்தக் காட்சி ஏன் இப்படி இருக்கிறது தெரியுமா? பட்ஜெட் இவ்வளவுதான்" என்கிற பாணியில் நம்மிடம் பேசிவிட்டுப் போவார்கள்.

இது நமக்குப் புதிதா என்றால், இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதுதானே? அரசன் முழங்கிக்கொண்டு வருவான். அவனுடைய சேவகனாகிய கட்டியங்காரனோ அவனையே கேலி செய்துவிட்டு நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி'யில் நந்தனார் காலட்சேபத்தின் அச்சிலேயே 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தினார். 1964-இல் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில், படமெடுக்கத் துடிக்கும் நாகேஷ் தம் தந்தை பாலையாவுக்குக் கதை சொல்லி அவரை நடுங்க வைத்தார். சினிமாவே சினிமாவைச் சிரித்த காட்சி அது. அந்த மரபில் வந்த கடைக்குட்டிப் பிள்ளையாகத்தான் லொள்ளு சபாவை நான் காண்கிறேன். பேராசிரியப் பெருமக்கள் இந்த உறவுமுறையை மறுத்தால், உள்ளே அழைக்காமல் திண்ணையிலாவது உட்கார வைக்குமாறு வேண்டுகிறேன்.

இந்தப் பற்று எனக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் முடியாது. கோட்டூர்புரத்தில், அடையாற்றங்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்தில் எங்கள் வீடு. அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பெரியப்பா. பெரியப்பா வடபழனிப் பக்கத்து ஸ்டுடியோக்களில் லைட்மேனாக உழைத்தவர். பரண்மேல் ஏறி, அனலடிக்கும் விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்று, கீழே நடப்பதைப் பார்த்தே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர். அவரைத் திரையரங்குக்கு அழைத்துப்போவது ஆகாத காரியம். மழைக்காட்சி வந்தால், "லாரித் தண்ணி" என்பார். கதாநாயகன் தாய் மடியில் உயிர்விட்டால், "செத்ததும் எழுந்து டீ கேப்பாரு பாரு" என்பார். பக்கத்து இருக்கைக்காரர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

அப்பாவோ நேர்மாறு. ஒரு பெரிய நடிகருக்கு ரசிகர் மன்றம் வைத்து, பசை வாளியைச் சுமந்து சுவரொட்டி ஒட்டி, முதல் நாள் முதல் காட்சிக்கு இரவெல்லாம் காத்துக்கிடந்தவர். அந்த நடிகர் யார் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நம் கல்லூரியில் இரண்டு கட்சியும் உண்டு என்பதை நான் மறக்கவில்லை.

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது. அம்மா சொல்லக் கேட்டது. ஒருநாள் பெரியப்பா எங்கள் வீட்டில் லொள்ளு சபா பார்த்துக்கொண்டிருந்தார். எந்தத் திரைப்படத்தையும் முழுதாகப் பார்க்காதவர் அந்த நிகழ்ச்சியை மட்டும் ஒரு நொடி விடாமல் பார்ப்பாராம். அன்றைக்குப் பார்த்து, கேலிக்கு எடுத்துக்கொண்டிருந்தது அப்பாவின் தலைவர் நடித்த படம். வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணே இது! நம்ம தலைவர இப்டி கலாய்க்கிறானுங்க, நீ குந்திகினு சிரிக்கிற?"

"அவரு நடிக்கும்போதே நான் மேலேருந்து சிரிச்சவன்டா" என்றாராம் பெரியப்பா.

அப்பா பெட்டியை அணைத்தார். பெரியப்பா எழுந்து மாடிக்குப் போனார். அதன்பின் அண்ணன் தம்பி இருவரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்களே தவிர, பேசிக்கொண்டதில்லை. ஒரு தொலைக்காட்சிக் கேலிக்கா இத்தனை ஆண்டு மௌனம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அம்மா சொன்னாள்: "கேலிக்கு இல்லப்பா. அவரு சம்பாதிச்சதுன்னு இருந்தது அந்த மன்றம் ஒண்ணுதான். அத உன் பெரியப்பா சிரிச்சிட்டாரு."

பிறகு 2015 வந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் இரவு அடையாற்றில் வந்த வெள்ளத்தைச் சென்னைவாசி எவரும் மறந்திருக்க முடியாது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் முதலில் வாசற்படியைத் தொட்டது. அம்மா ரேஷன் அட்டையையும் என் புத்தகப் பையையும் எடுத்துக்கொண்டாள். அப்பா பரணிலிருந்து எதையோ இறக்கப் போனார். அதற்குள் முழங்காலுக்கு வந்துவிட்டது. மாடியிலிருந்து பெரியப்பா இறங்கி வந்தார். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அப்போதும் பேச்சில்லை. பரணிலேயே தங்கிவிட்டது அப்பா எடுக்கப்போன தகரப்பெட்டி. மன்றத்துப் புகைப்படங்களும், தலைவரோடு அப்பா நிற்கும் ஒரே ஒரு படமும் அதற்குள் இருந்தன.

குடியிருப்பு முழுவதும் மொட்டைமாடியில். மின்சாரம் இல்லை, கைபேசிகள் ஒவ்வொன்றாக உயிர்விட்டன. ஆறு எது தெரு எது என்று தெரியாத கறுப்பு. குழந்தைகள் அழுது ஓய்ந்திருந்தார்கள். அப்பா தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து, கண்ணை ஒரே இடத்தில் வைத்து உட்கார்ந்திருந்தார். மழை மறுபடி வலுத்தது. அப்போது பெரியப்பா, யாரையும் பார்க்காமல், இருட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்:

"இது லாரித் தண்ணி இல்லடா தம்பி. கட் சொல்றதுக்கு ஆளு இல்ல."

சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு அப்பா எழுந்தார். தோளில் கிடந்த ஈரத்துண்டை ஒரு சுழற்றுச் சுழற்றிப் போட்டார். அது அவருடைய தலைவரின் பாணி. ஆனால் துண்டு தோளில் நிற்காமல் முகத்தை மூடியது. அதை எடுக்காமலே நான்கு எட்டு நடந்து, சுவரில் முட்டிக்கொண்டு, சுவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

பெரியப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்துக் காரணம் புரியாமல் நானும் சிரித்தேன். எனக்குக் காரணம் விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. யூடியூபில் அந்தப் பழைய லொள்ளு சபாவைத் தேடிப்பிடித்துப் பார்த்த அன்று, அந்தத் துண்டும் அந்தச் சுவரும் அதில் அப்படியே இருக்கக் கண்டேன். அப்பா பெட்டியை அணைத்தாரே, அதற்குப் பின்னால் வருகிற காட்சி அது! யாருக்கும் தெரியாமல் எங்கேயோ உட்கார்ந்து முழுவதையும் பார்த்திருக்கிறார் மனிதர். எங்கே, எப்போது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து லொள்ளு சபாவின் கிடைத்த பகுதிகளையெல்லாம் பார்த்துத் தீர்த்தேன். அண்மையில், இதே வகையில் அமெரிக்காவில் ஒன்று இருந்தது என்று படித்தேன். 'தி கிரிட்டிக்' என்பது அதன் பெயர். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் பணியாற்றிய அல் ஜீன், மைக் ரைஸ் இருவரும் படைத்த கேலிச்சித்திரத் தொடர். ஜே ஷெர்மன் என்ற வழுக்கைத்தலைத் திரைப்பட விமர்சகர்தான் கதாநாயகர். 1994-இல் ஏ.பி.சி.யில் தொடங்கி, 1995-இல் ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு மாறி, மொத்தம் 23 பகுதிகளோடு தொலைக்காட்சியில் முடிந்துவிட்டது. அங்கும் சினிமாவைச் சிரித்தவர்களுக்கு ஆயுள் குறைவுதான். அதன் சில காட்சிகளைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். எல்லாம் வரைபடம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. "படமா வரைஞ்சிட்டா லைட்டே வேணாமே?" என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி. வரைகிறவனுக்கு அரண்மனையும் ஒன்றுதான், குடிசையும் ஒன்றுதான். எத்தனை பெரிய படத்தையும் அதே அளவில் வரைந்து கேலி செய்யலாம். லொள்ளு சபாக்காரர்களுக்கு அது முடியாது. கையில் காசில்லாததையே அவர்கள் சிரிப்பாக்கினார்கள். எனக்கு அதுதான் ஒருபடி உயர்ந்ததாகப் படுகிறது. இது குடியிருப்பில் பிறந்தவனின் ஓரவஞ்சனையாகவும் இருக்கலாம்.

அங்கிருந்து புறப்பட்டவர்களில் சந்தானம் 2004-இல் 'மன்மதன்' வழியாகத் திரைக்குப் போய்ப் பெரிய பெயர் பெற்றார். அங்கே சிறு வேடங்களில் தலைகாட்டிய யோகிபாபு, 2009-இல் 'யோகி'யில் அறிமுகமாகி உயர்ந்தார். திரைப்படங்களைக் கேலி செய்யவே முழுநீளத் திரைப்படமாக 2010-இல் சி.எஸ்.அமுதனின் 'தமிழ்ப் படம்' வந்தது. மனோகர், சுவாமிநாதன், ஜீவா, சேஷு ஆகியோருக்கோ நிகழ்ச்சி நின்றபின்னும் 'லொள்ளு சபா' என்பதே முன்னெழுத்தாக ஒட்டிக்கொண்டது. பட்டம் என்று அதைச் சொல்வதா, பாரம் என்று சொல்வதா? சேஷு சந்தானத்தோடு 'ஏ1' போன்ற படங்களில் நடித்து, மீண்டும் எல்லோரையும் சிரிக்க வைத்தார். 2024 மார்ச் 26-ஆம் நாள் காலமானார்.

அன்று மாலை அப்பா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, "மேல போயி பெரியப்பாவ கூட்டினு வா" என்றார். மூவரும் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"சேஷு வர்ற சீனா பாத்துப் போடுப்பா" என்றார் அப்பா.

போட்டேன். அப்பா சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா கண்ணைச் சுருக்கித் திரைக்கு அருகே குனிந்து, நடிகருக்குப் பின்னால் சுவரில் விழுந்த நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த லைட்ட கொஞ்சம் தள்ளி வச்சிருக்கணும்" என்றார். "முகம் இன்னும் நல்லா தெரிஞ்சிருக்கும்."