கொக்கியில் எத்தனை கிலோ?

திருத்தணி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முருகன், வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை என்று 365 படிகள், ஆடிக் கிருத்திகைக் காவடிகள். கொஞ்சம் சரித்திரம் தெரிந்தவர் என்றால், 1960-ல் ஊர் ஆந்திராவை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த கதை. எனக்கு ஞாபகம் வருவது ஒரு எடை மேடை. லாரிகளை நிறுத்தி நிறுத்துப் பார்ப்பார்களே, அது.

என் சித்தி பையன் அங்கே சவுண்டு சர்வீஸ், லைட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறான். ஆடிக் கிருத்திகைதான் அவனுக்குத் தீபாவளி. போன வருஷம் மனைவியின் வளையல்களை அடகு வைத்து, ஒரு பழைய பெரிய எஸ்.யூ.வி. வாங்கினான். இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் அடித்து, ஒன்றரை டன் ஜெனரேட்டரை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கிவிட்டான். இனி லாரிக்காரன் தயவு வேண்டாமாம்.

“இன்னாண்ணா, எப்டி? யானையையே இழுக்கும்!” என்றான்.

இழுக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிறுத்துமா?

ஒரு வாரம் முன்னால் நகரியிலிருந்து திரும்பும்போது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில், லேசான இறக்கத்தில் பின்னால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்திருக்கிறது. பயந்துபோய் பிரேக்கை அழுத்தினான். ஆட்டம் இன்னும் கூடியது. அப்படிப்பட்ட நேரத்தில் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை ஒடிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. எதிரே பஸ் வராததால் தப்பித்தான். முருகன் காப்பாற்றினான் என்றான். நான் மறுக்கவில்லை. ஆனால், தினமும் அவரைத் தொந்தரவு செய்ய முடியாதில்லையா?

நான் படித்தது பி.காம். இன்ஜினீயரிங் தெரியாது; ஐந்தொகை தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். டிரெய்லரைக் கழற்றி எடை மேடையில் ஏற்றினோம்: 1,940 கிலோ. பிறகு, முன்னாலிருக்கும் சின்னத் தாங்குசக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி நகர்த்தினோம். வெறும் 60!

கொக்கி இருக்கும் முனை, மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவிகிதத்தைச் சுமக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் இதையே பொழப்பாகச் செய்பவர்களின் கணக்கு. இங்கே மூன்றுதான் இருந்தது. பாரம் பின்னால் சாய்ந்திருந்தால், டிரெய்லர் காரைப் பிடித்து ஆட்டும். ரொம்ப முன்னால் போனாலும் வம்பு: வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்சக்கரங்கள் லேசாகி, ஹெட்லைட் தென்னங்குருத்தைத் தேடும். ஜெனரேட்டரை ஒரு அடி முன்னால் நகர்த்தச் சொன்னேன். செயின் பிளாக்கில் தூக்கி நகர்த்த ஒரு முழு மத்தியானம் ஆனது. மறுபடி எடை: 210. பட்டறைக்காரர் என்னை முதல்தடவையாக ‘சார்’ என்றார்.

அப்புறம் கொக்கி. பம்பருக்குப் பின்னால் இருந்த தகட்டில் வெல்டிங் வைத்திருந்தார்கள். பம்பர் இடிவாங்கத்தான், இரண்டு டன் இழுக்க அல்ல. அதைக் கழற்றி, சேஸிஸ் சட்டத்தில் போல்ட் போட்டோம். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் தனியாக ஓடாதிருக்க, இரண்டு சங்கிலிகள் குறுக்காக. பின் ஸ்பிரிங், டயர் காற்று, ரேடியேட்டர் சமாசாரங்களைப் பட்டறைக்காரரே பார்த்துக்கொண்டார்.

பிரேக்தான் செலவு. கார் நின்றாலும் பின்னாலிருக்கும் இரண்டு டன் நிற்க விரும்பாது. அது முன்னால் தள்ளும் வேகத்திலேயே தன் பிரேக்கைத் தானே அழுத்திக்கொள்ளும் அமைப்பு ஒன்று உண்டு. விலையைக் கேட்டதும் தம்பி முகம் சுருங்கியது.

அதற்குமேல் நான் கேட்ட கேள்விதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

“டிரெய்லருக்கு ஆர்.சி. எங்கடா?”

“டிரெய்லருக்கு எதுக்குண்ணா? அதுல இன்ஜினே இல்லியே!”

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், டிரெய்லரையும் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. பதிவு வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும். சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரில் வாடகைத் தொழில் பண்ணுவது தனி வில்லங்கம். அன்றைக்கு அந்த பஸ் வந்திருந்தால் வளையல் மட்டுமா போயிருக்கும்?

ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள் இருந்தது. “நீ படிச்சவன், உனக்கு பயம்” என்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சித்தி போன் செய்து, “இன்னாடா சொன்ன அவன்கிட்ட? சோறே துன்ன மாட்றான்” என்று என்னைத்தான் திட்டினாள்.

திருவிழா அன்று சரவணப் பொய்கைப் பக்கம் போனேன். பந்தலில் விளக்குகள் எரிந்தன. ஜெனரேட்டர் வாடகை மினி லாரியில் வந்திருந்தது. கிரேனும் லாரியுமாக லாபத்தில் பாதி போய்விட்டது என்று என்னைப் பார்த்ததும் முறைத்தான். பெரிய வண்டி ஓரமாக, கேபிள் சுருள்களைச் சுமந்துகொண்டு நின்றது.

“ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு திங்கட்கிழமை போறேன். நீயும் வர்றியாண்ணா?” என்றான்.

வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது.