மனுவில் அடங்காத மணமுறிவு

மணமுறிவுத் தன்வரலாறு, அதாவது முறிந்த திருமணத்தை அதில் வாழ்ந்தவரே எழுதும் நூல், நீதிமன்ற மனு விட்டுவிடுவதைச் சொல்கிறது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் கொடுமை, கைவிடல் போன்ற காரணங்களை நிரூபிக்கச் சொல்கிறது. 1976-இல் சேர்க்கப்பட்ட பரஸ்பர சம்மதப் பிரிவோ அவற்றைக் கேட்பதேயில்லை. ஆனால் விருத்தாசலம் அருகேயுள்ள மங்கலம்பேட்டை போன்ற ஊரில், பெயர் வெட்டிய பித்தளைக் குடம் பிறந்த வீட்டுப் பரணுக்குத் திரும்புவதும், குடும்ப அட்டையில் பெயரை எங்கே சேர்ப்பதென்று அண்ணன் வீட்டில் பேச்சு எழுவதும் எந்தத் தீர்ப்பிலும் இடம்பெறுவதில்லை.

மும்பையைச் சேர்ந்த கிறிஸ்தவரான ஃபிளேவியா ஆக்னஸ், தம் மணவாழ்வின் வன்முறையையும் அதிலிருந்து மீண்டதையும் 1984-இல் நூலாக எழுதினார். அன்று நடைமுறையிலிருந்த 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டப்படி, கணவனின் கொடுமையை மட்டும் காட்டிக் கிறிஸ்தவ மனைவி மணமுறிவு பெற இயலவில்லை. பிறன்மனை உறவையும் சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த அநீதியான விதி 2001-இல்தான் திருத்தப்பட்டது. பின்னர் வழக்கறிஞரான ஆக்னஸ், பெண்களுக்குச் சட்ட உதவி வழங்கும் ‘மஜ்லிஸ்’ அமைப்பை உருவாக்கினார்; அடிபட்டவரின் எழுத்து வழக்காடும் அறிவாக வளர்ந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இத்தகைய நூல் ஒரு தரப்பின் சாட்சியமே. முன்னாள் துணைவரும் குழந்தைகளும் அதில் பதில் சொல்வதில்லை என்பதை வாசகர் மறக்கலாகாது. இருப்பினும் விருத்தாசலம் வட்டார நூலகங்களில் சட்டக் கையேடுகளுக்குப் பக்கத்திலேயே இந்நூல்கள் வைக்கப்பட வேண்டும், ஏனெனில் வக்கீலைத் தேடிப் போகும் பெண்ணுக்கு எதைக் கேட்க வேண்டும் என்பதே பெரும்பாலும் தெரிவதில்லை.