சருகின் கணக்கு

தமிழில் இலைக்கு வயதுக்கேற்பப் பெயர் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஐந்து சொற்களில் ஒரு வாழ்நாளை அடக்கிவிடலாம். நாங்கள் வாழும் நியூஜெர்சியில் அக்டோபர் பிறந்ததும் ஆறாவதாக ஒரு பெயர் வந்து சேர்கிறது. நகராட்சியின் அறிவிப்புகளில் சருகுக்கு வழங்கும் பெயர் ‘தோட்டக் கழிவு’.

எங்களுடையது கால் ஏக்கர் மனை. முன்புறம் இரண்டு மேப்பிள் மரங்கள், பின்புறம் ஓர் ஓக். வேலைக்குச் செல்லும் இருவருக்கு இவை உதிர்ப்பதை வாரிக் கட்டுவது இயலாத காரியம். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிய பிறகு, மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். எஞ்சுவது சனியும் ஞாயிறும்தான். அவற்றிலும் மழை வந்துவிடும். நனைந்த சருகின் கனம் வாரியவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே எங்கள் தெருவில் பெரும்பாலோர் செய்வதையே நாங்களும் செய்தோம். கதவிடுக்கில் செருகப்பட்டிருந்த துண்டுச் சீட்டொன்றில் இருந்த எண்ணை அழைத்தோம்.

இந்த ஏற்பாட்டுக்கென்று ஒரு முறை உண்டு. ஏப்ரல் முதல் வாரந்தோறும் புல் வெட்டுவதற்கு ஒரு தொகை. வசந்தத்தில் ஒரு துப்புரவும் இலையுதிர் காலத்தில் ஒரு துப்புரவும் தனிக் கணக்கு. விலை சொல்ல வருபவர் அளவுநாடா எதுவும் கொண்டுவருவதில்லை. மரங்களை அண்ணாந்து பார்ப்பார், மனையைச் சுற்றி ஒருமுறை நடப்பார், ஒரு தொகை சொல்வார். அந்த அண்ணாந்த பார்வையில் எத்தனை மூட்டை இலை என்பது அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இத்தனை பாடும் எதற்காக என்று கேட்டால், புல்தரைக்காக. 1947-இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், வாரம் ஒருமுறை புல் வெட்ட வேண்டும் என்பது வீடு வாங்குவோர் ஏற்க வேண்டிய நிபந்தனைகளுள் ஒன்று. வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாது என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது நிபந்தனை சட்டத்தின்முன் செல்லாததாகிவிட்டது. முதலாவது, எழுதப்படாத வழக்கமாக நாடெங்கும் பரவியது. கிறிஸ்டினா மிலேசி என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2005-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்காவின் புல்தரைகள் ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பைவிட அதிகம். எந்த வீட்டு அடுப்புக்கும் போகாத விளைச்சல் இது. ஆயினும் வந்தேறிகளாகிய எங்களைப் போன்றோருக்கு அதைப் புறக்கணிக்கத் துணிவு வருவதில்லை. அண்டை வீட்டார் எங்கள் கூடத்தை ஒருபோதும் பார்த்திராமல் இருக்கலாம். வாசல் புல்லை நாள்தோறும் பார்க்கிறார்கள்.

சருகைத் தள்ள வருபவர்கள் மூவர். முதுகில் சுமக்கும் பெட்ரோல் ஊதுகருவிதான் அவர்களது துடைப்பம். கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் ஒரு கணக்குச் சொல்கிறது: இக்கருவி ஒரு மணி நேரம் இயங்கினால், ஒரு கார் 1,100 மைல் ஓடுவதற்கு நிகரான புகைமூட்ட மாசு வெளிப்படும். வாஷிங்டன் நகரம் 2022 ஜனவரி முதல் இதன் பயன்பாட்டைத் தடைசெய்தது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வகம் எட்டு மணி நேர உழைப்புக்கு வைத்திருக்கும் ஒலி வரம்பு 85 டெசிபல். இக்கருவியைச் சுமப்பவரின் காதருகே ஒலி அதனை எளிதில் தாண்டும். மூவரில் இளையவர் காதுக்கு எதுவும் அணிவதில்லை. கருவியை நிறுத்திய பிறகும் நாங்கள் சொல்வதை அவருக்கு இருமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

கணினி எழுதி வாழும் எங்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது ஹெச்-1பி விசா. ஆண்டுக்கு 65,000, மேற்பட்டம் பெற்றோர்க்கு மேலும் 20,000. ஹெச்-2பி என்றொரு விசாவும் உண்டு, ஆண்டுக்கு 66,000. அதில் மிகுதியாக வருவோர் இந்தப் புல்லும் இலையும் பார்க்கும் தொழிலாளர்களே. எங்கள் வாசலுக்கு வருபவர்கள் எவ்வழி வந்தவர்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்பது முறையும் அன்று. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மனிதரின் வாழ்வை எப்படியெல்லாம் கட்டிப்போடும் என்பதை அறிந்தவர்கள், அதைப் பிறரிடம் கேட்கக் கூசுவார்கள்.

மண்ணின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. நைட்ரஜனை நம் உழவர்கள் தழைச்சத்து என்பார்கள். மரம், இலையை உதிர்க்கும் முன்பே அதிலுள்ள தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியைத் தண்டுக்குள் மீட்டுக்கொள்கிறது. மீதியைத் தன் காலடியிலேயே போட்டுவைக்கிறது. அதைக் காசு கொடுத்து அப்புறப்படுத்திவிட்டு, வசந்தத்தில் அதே சத்தைப் பையில் அடைத்து வாங்கித் தூவுகிறோம். அந்த உரமும் மிதமிஞ்சி நீர்நிலைகளைக் கெடுத்ததால், நியூஜெர்சி 2011-இல் கடுமையான உரச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு மின்மினியின் புழுக்களும், இலையைச் சுற்றிக் கூடு கட்டும் லூனா அந்துப்பூச்சியும் குளிர்காலத்தைக் கழிப்பது இந்தச் சருகுப் படுகையில்தான்.

எனவே சென்ற ஆண்டு, இலையை வெளியேற்ற வேண்டாம் என்று சொல்லிவிடலாம் எனத் தீர்மானித்தோம். குழுவின் தலைவர் குவாத்தமாலாக்காரர். நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். மின்மினிகளைப் பற்றி அவருக்கு மறுப்பேதும் இல்லை. பிறகு, இலை விழும் ஆறு வாரந்தான் தமக்கு அறுவடை என்றார். டிசம்பர் முதல் மார்ச் வரை புல் வளராது. பனி பெய்தால் அதை அள்ளும் வேலை உண்டு; பெய்யாவிட்டால் வாடகைக்கும் வழியில்லை. மண்ணுக்கு நாங்கள் காட்டவிருந்த கருணையின் செலவு அவருடைய குளிர்காலத்திலிருந்து போகவிருந்தது.

முற்றத்தில் நின்றபடியே பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். தொகை பழையதே. ஒரே நாளில் வந்து ஊதித் தள்ளுவதற்குப் பதிலாக, நான்கு முறை வருவது. புல்லின் மீது மெல்லிதாக விழுந்திருப்பதை, வெட்டும் எந்திரத்தாலேயே பொடியாக்கி அங்கேயே விட்டுவிடுவது. கனமாகக் கிடப்பதை, புல் மூச்சுத் திணறாதபடி, வாருகோலால் இழுத்து மரத்தடியிலும் வேலியோரத்திலும் முழு இலையாகவே பரப்புவது. பொடியாக்கினால் கூடுகள் தப்பா. சாலையோர மழைநீர் வடிகால் வாயில் இலை அடையாமல் பார்ப்பது. ஊதுகருவி கார் நிற்கும் தளத்துக்கு மட்டும். இதில் அவருக்கும் ஓர் ஆதாயம் இருந்ததை அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: வண்டியில் ஏற்றிச் செல்ல வேண்டாம், கொட்டுமிடத்தில் கட்டணம் கட்ட வேண்டாம்.

எல்லாம் சுமுகமாக முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். காற்றடித்த ஒரு நாள், எங்கள் சருகு பக்கத்து வீட்டுப் புல்லில் போய்ப் படிந்தது. அவர்கள் எதுவும் சொல்லவில்லை. நாங்களே போய் வாரிக்கொண்டு வந்தோம். இளையவருக்கு ஒரு காதுறை வாங்கிக் கொடுத்தோம். சில நாள் அணிகிறார், சில நாள் கழுத்தில் தொங்குகிறது. ஓக் மரமோ தன் காய்ந்த இலைகளில் ஒரு பங்கை மார்ச் வரை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவை விழுந்தபோது, வசந்தத் துப்புரவை எப்போது தொடங்கலாம் என்று தலைவர் தொலைபேசியில் கேட்டார். வெயில் இன்னும் சற்று ஏறட்டும், உள்ளே உறங்குபவை எழுந்து போகட்டும் என்றோம். சிரித்தார். அதுவரை முன்பணம் ஏதேனும் தர இயலுமா என்று கேட்டார். தந்தோம்.